பந்தின் கனம் அறிந்தவர்கள்

2003-ஆம் வருஷத்தில் ஐரோப்பாவின் கடைகளுக்கு ஒரு கால்பந்து வீடியோ கேம் விற்பனைக்கு வந்தது. இவ்வகைக் கேம்களின் அட்டையில் அந்தந்தக் காலத்து நட்சத்திர வீரர் எவரேனும் பந்தை உதைக்கும் கோலத்தில் நிற்பதே வழக்கமாயிருக்க, இந்த அட்டையிலிருந்து வழுக்கைத் தலையும் ஊடுருவும் பார்வையும் கொண்ட ஒரு நடுவர், முந்திய வருஷந்தான் யோகோஹாமாவில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை நடத்திவைத்த இத்தாலி தேசத்துப் பியர்லூயிஜி கொலினா, வாங்க வந்தவரை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். தொண்ணூறு நிமிஷமும் வீரர்களோடு ஓடினாலும் ஒருமுறைகூடப் பந்தை உதைக்காத, ஆட்டத்தின் விதியையும் நியாயத்தையும் மட்டுமே கவனித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதரை முகப்பில் நிறுத்தத் துணிந்த அந்தக் கேமின் பெயர் ‘புரோ எவல்யூஷன் சாக்கர் 3’. கொனாமி என்னும் ஜப்பானிய ஸ்தாபனத்தின் டோக்கியோப் பிரிவில் வேலை பார்த்த ஒரு குழுவினர் அதை உண்டாக்கினார்கள். ஜப்பானில் அந்தப் பரம்பரைக்கு ‘வின்னிங் இலெவன்’ என்று பெயர். தென் கொரியாவின் பிளேஸ்டேஷன் கடைகளில் மணிக்கணக்காகக் கூடியிருந்த வாலிபர்கள் அதை வெறுமனே ‘வின்னிங்’ என்று சொல்லி வந்தார்கள்.

கால்பந்தாட்டத்துக்கு விதி வகுத்த இங்கிலாந்திலிருந்தோ, உலகக் கோப்பையை ஐந்து முறை வென்ற பிரேஸிலிலிருந்தோ இப்படியொரு கேம் வந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜப்பானில் 1965 முதல் இருந்து வந்தது பெரும்பாலும் கம்பெனிகளின் ஊழியர் அணிகள் தமக்குள் மோதிக்கொள்ளும் லீக். முழுமையான தொழில்முறை லீக் என்று ஒன்று அங்கே தொடங்கியது 1993-இல்தான். அத்தகைய தேசத்திலிருந்து, லீக் பிறந்த பத்தே வருஷத்துக்குள், கால்பந்தாட்டத்தின் ஸ்வபாவத்தை யந்திரத்துக்குள் அதுவரை எவரும் பிடிக்காத அளவுக்கு உண்மையாகப் பிடித்துத் தந்த ஒரு சிருஷ்டி எப்படி வந்தது? பிறந்தது முதல் ஒன்றைப் பார்த்துப் பழகியவன் அதை நிதானித்துப் பார்ப்பதில்லை. வயது வந்தபின் ஆசையோடு அதைக் கற்கப் புகுந்தவனோ, அதன் ஒவ்வோர் அசைவையும் ஏன், எப்படி என்று கேட்டுக் கேட்டே மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். டோக்கியோக் குழுவினரின் வெற்றிக்கு வேறு காரணங்கள் எத்தனை இருந்தாலும் மூல காரணம் இந்த மாணவ மனப்பான்மைதான் என்பது என் துணிபு. அவர்களுடைய சரித்திரத்தை அந்தக் கண்கொண்டே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஜூக்பாக்ஸிலிருந்து மைதானத்துக்கு

கொனாமியின் ஆரம்பம் விளையாட்டோடு சம்பந்தப்பட்டதன்று. 1969-இல் ஒசாகாவை ஒட்டிய தொயோனாகாவில் ககெமாஸா கொஸுகி என்பவர், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு விடவும் பழுது பார்க்கவும் ஒரு தொழில் தொடங்கினார். 1973-இல் அது கம்பெனியாகப் பதிவு பெற்றுக் கேளிக்கை யந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. எழுபதுகளின் இறுதியில் வீடியோ கேம்களுக்குத் திரும்பி, 1981-இல் ‘ஃப்ராகர்’, ‘ஸ்கிராம்பிள்’ ஆகிய கேம்களால் கடல் கடந்தும் பெயர் பெற்றது.

விளையாட்டுத் துறையில் அந்த ஸ்தாபனம் முதலில் பிரசித்தி அடைந்தது 1983-இல் வந்த ‘ஹைப்பர் ஒலிம்பிக்’ மூலம். நூறு மீட்டர் ஓட்டம், நீளத் தாண்டல், ஈட்டி எறிதல், தடை ஓட்டம், சம்மட்டி எறிதல், உயரத் தாண்டல் ஆகிய ஆறு போட்டிகளையும் மூன்றே பொத்தான்களைக் கொண்டு நடத்தும் கேம் அது. இரண்டு பொத்தான்களை மாறி மாறி எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு வேகமாகத் திரையிலுள்ள வீரன் ஓடுவான் என்பதால், விரல்களின் வேகம் போதாதென்று கண்ட ஜப்பானியச் சிறுவர்கள் இரும்பு ஸ்கேலைப் பொத்தானின்மேல் வைத்து அதன் நுனியைச் சுண்டிவிட்டு, அது அதிரும் வேகத்தில் ஓட்டப் பந்தயங்களை ஜயித்தார்கள். கடைக்காரர்களின் யந்திரங்கள் இதனால் சேதமானது உண்மைதான். ஆனாலும் உடம்பின் பிரயாசைக்கும் திரையில் நிகழும் காரியத்துக்கும் நேரான ஒரு தொடர்பு இருந்தால் மனிதர்கள் தம்மை மறந்து அதில் ஈடுபடுவார்கள் என்னும் பாடத்தைக் கொனாமி அப்போதே கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

1993-ஆம் வருஷம் மே மாதம் 15-ஆந் தேதி டோக்கியோவின் தேசிய மைதானத்தில் ஜே லீக் என்னும் அந்தத் தொழில்முறை லீக் தொடங்கியது. பிரேஸிலின் ஜீகோ காஷிமாவுக்கும், இங்கிலாந்தின் கேரி லினேக்கர் நகோயாவுக்கும் ஆட வந்திருந்தார்கள். அதுகாறும் பேஸ்பால் ஒன்றையே தம் ஆட்டமாகக் கொண்டாடிய ஜனங்கள் கால்பந்து மைதானங்களை நிரப்பினார்கள். அதே வருஷம் அக்டோபரில் கத்தார் தேசத்துத் தோஹா நகரில் ஈராக்குக்கு எதிராக 2-1 என்று முன்னணியில் நின்ற ஜப்பான், கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் வாங்கிச் சமனாகி, கைக்கு எட்டிய உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அந்த இரவு பட்ட வேதனைக்குப் பிறகுதான் ஜப்பானியருக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்துவிட்டதென்று நினைக்கிறேன். கொனாமியின் புகழ்பெற்ற கால்பந்து கேம்கள் இந்தக் கொந்தளிப்புக்கு நடுவில்தான் பிறந்தன.

ஒரே ஸ்தாபனம், இரண்டு அணிகள்

விசேஷம் என்னவென்றால், அவை ஓரிடத்தில் பிறக்கவில்லை. 1994-இல் ஒசாகாவிலிருந்த கொனாமிக் குழுவினர் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் யந்திரத்துக்காக இரண்டு கேம்களை வெளியிட்டார்கள். ஒன்று பேஸ்பால் ஆட்டமான ‘பவர்ஃபுல் புரோ யாக்யூ’. பெரிய தலையும், கைகால்கள் புலப்படாத உருண்டை உடம்புமாக வீரர்களைப் படைத்து, அறிவிப்பாளரின் குரலில் வர்ணனையும் சேர்த்த அந்தக் கேம், ‘பவாப்புரோ’ என்ற செல்லப் பெயரோடு இன்றளவும் ஜப்பானில் வாழ்கிறது. மற்றொன்று கால்பந்து: ஜப்பானில் ‘பெர்ஃபெக்ட் இலெவன்’ என்றும், மேல்நாடுகளில் ‘இன்டர்நேஷனல் சூப்பர்ஸ்டார் சாக்கர்’ என்றும் அது பெயர் பெற்றது. உண்மையான வீரர்களின் பெயர்களுக்கு உரிமம் இல்லாமையால் ஒசாகாவினர் கற்பனைப் பெயர்களைச் சூட்டினார்கள். பிரேஸில் அணியில் ஏழாம் எண் சட்டை அணிந்த அலெஜோ என்னும் முன்கள வீரன், வாஸ்தவத்தில் எந்த மண்ணிலும் பிறவாதவன், பிரேஸிலிலேயே ஒரு தலைமுறைச் சிறுவர்களின் அபிமான புருஷனாகிவிட்டான். இன்று நடுவயதை எட்டிய அந்தச் சிறுவர்கள் அலெஜோவின் பெயர் பொறித்த சட்டைகளை அணிந்து கால்பந்து பார்க்கப் போகிறார்கள் என்றால், ஒரு கேமின் வீரனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் என்ன வேண்டும்?

1995-இல் கொனாமி தன் தொழிற்பகுதிகளைத் தனித்தனி உபகம்பெனிகளாகப் பிரித்தபோது ஒசாகாவினர் ஒரு கம்பெனியாகவும் டோக்கியோவினர் ஒரு கம்பெனியாகவும் ஆனார்கள். அதே வருஷம் ஜூலையில் டோக்கியோவினர், முந்திய டிசம்பரில்தான் வெளிவந்திருந்த சோனியின் பிளேஸ்டேஷன் யந்திரத்துக்காக, ஜே லீகின் அணிகளைக் கொண்டு ‘வின்னிங் இலெவன்’ முதல் கேமை வெளியிட்டார்கள். ஒசாகாவினர் நின்டெண்டோவின் யந்திரங்களுக்குச் செய்ய, டோக்கியோவினர் பிளேஸ்டேஷனுக்குச் செய்ய, ஒரே ஸ்தாபனத்தின் இரண்டு குழுக்கள் ஒரே விளையாட்டை இரண்டு வேறு வழிகளில் அணுகிப் போட்டியிடலாயின. ஐரோப்பாவில் ஒசாகாவினரின் பெயரே முன்னதாகப் பிரபலமாகியிருந்தபடியால், டோக்கியோவினரின் கேமும் 1997 முதல் அங்கே ‘இன்டர்நேஷனல் சூப்பர்ஸ்டார் சாக்கர் புரோ’ என்று, இரவல் பெயரைத் தாங்கியே விற்பனையாயிற்று. 1999-இல் அந்தப் பெயரின் வாலில் ‘எவல்யூஷன்’ என்னும் சொல் சேர்ந்தது. 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தபோதுதான் இரவல் பகுதி முற்றிலும் கழன்று, ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ என்ற சொந்தப் பெயர் நிலைத்தது. ஒசாகாவினரின் கால்பந்துப் பரம்பரை 2003-இல் வந்த கேமோடு முடிவுற்றது. அவர்களுடைய கேமில் இருந்த துள்ளலையும் சிறுபிள்ளைத்தனமான உற்சாகத்தையும், இரகசியமாகச் சில பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் நடுவர் நாய் உருவம் எடுத்து ஓடுகிற அந்த வேடிக்கையையும், இன்றும் ஏங்கி நினைப்பவர்கள் உண்டு. அந்த ஏக்கம் நியாயமானதே.

முக்கோணப் பொத்தான்

டோக்கியோக் குழுவின் தலைவராக உலகத்துக்கு அறிமுகமானவர் ஷிங்கோ தகாட்ஸுகா. ‘ஸீபாஸ்’ என்னும் புனைபெயரால் ரசிகர்கள் அவரை அறிவார்கள். அவரும் அவர் சகாக்களும் செய்த காரியத்தின் சூட்சுமத்தை விளங்கிக்கொள்ள, கன்ட்ரோலரை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

அந்தக் காலத்துக் கால்பந்து கேம்களில் பந்து பெரும்பாலும் வீரனின் காலோடு ஒட்டிக்கொண்டு வருவதாகவே தோன்றும். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் உடனே திரும்பும். வின்னிங் இலெவனில் அப்படியன்று. வீரன் சாதாரணமாக ஓடும்போது பந்து காலடியில் நெருக்கமாக உருளும். வேகம் வேண்டி ஆர் 1 பொத்தானை அழுத்தினாலோ, அவன் பந்தை முன்னே தள்ளிவிட்டு அதன் பின்னே ஓடுவான். ஒவ்வொரு தள்ளலுக்கும் அடுத்த தொடுகைக்கும் இடையில், எதிரி கால் நீட்டிப் பறித்துக்கொள்ளக்கூடிய ஓர் இடைவெளி விழும். ஆகவே வேகம் என்பது எப்போதும் ஓர் ஆபத்தை உடன் கொண்டே வந்தது. நெட்டையான பின்கள வீரன் திரும்புவதற்குள் குட்டையான முன்கள வீரன் அவனைக் கடந்துவிடுவான். ஆனால் தோளோடு தோள் மோதினால் நெட்டையனே நிலைத்து நிற்பான். வலதுகால் பழக்கம் உள்ளவன் இடதுகாலால் உதைக்க நேர்ந்தால் அந்த உதையில் வலுவும் குறையும், குறியும் தப்பும். அந்தக் கால் எவ்வளவு தப்பும் என்பதற்குக்கூட ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியே ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது.

எல்லாவற்றிலும் அருமையானது முக்கோணப் பொத்தான். அதை அழுத்தினால் பந்து கூட்டாளியின் காலுக்குப் போகாது. அவன் இன்னும் போய்ச் சேராத, ஆனால் இரண்டு விநாடியில் போய்ச் சேரக்கூடிய வெற்றிடத்துக்குப் போகும். கூட்டாளி ஓடத் தொடங்குவதற்கு முன்பே அழுத்தினால் பந்து எதிரியின் காலில் போய் விழும். கணம் தாமதித்தால் நடுவரின் விசில் ஒலித்து ஆஃப்சைட் ஆகிவிடும். இரண்டு பின்கள வீரர்களுக்கு இடையே உள்ள சந்து திறக்கிற அந்தக் கணத்தைக் கண் கண்டுகொண்டு, விரல் பொத்தானைத் தொட்டு, பந்து புல்லின்மேல் உருண்டு, ஓடி வருகிறவனின் பாதையோடு சரியாகப் போய்ச் சேரும்போது, சதுரப் பொத்தானை அழுத்திக் கோல் போடுவதற்கு முன்பே ஆடுகிறவனுக்கு உள்ளத்தில் ஒரு நிறைவு உண்டாகும். நல்ல கால்பந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மைதானத்தில் ரசிகர் கூட்டம் ஆசனத்திலிருந்து எழுவது கோல் விழும்போதன்று, அந்தப் பாஸ் கிளம்பும்போதுதான். இதைக் கண்டுகொண்ட கண் சாதாரணக் கண்ணன்று.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு வீரன் பெயருக்கு அருகிலும் அன்றைய உடல்நிலையைக் காட்டும் அம்பு ஒன்று தோன்றும். செங்குத்தாக மேல் நோக்கிய சிவப்பு அம்பு இருந்தால் அவன் உற்சாகத்தில் இருக்கிறான். கீழ் நோக்கிய அம்பு இருந்தால், எவ்வளவு புகழ் பெற்றவனாயினும், அவனை உட்கார வைத்துவிட்டு மாற்று வீரனை இறக்குவதே விவேகம். மனித உடம்பு யந்திரமல்ல, இன்று பறப்பவன் நாளை தளர்வான் என்னும் உண்மையை இவ்வளவு சிக்கனமாக ஓர் அம்பில் சொல்லிவிட்டார்கள்.

இவையெல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. வலந்தலையைத் தட்டிப் பார்த்து, மறுபடி இழுத்து, மறுபடி தட்டிச் சுருதி சேர்க்கும் மிருதங்க வித்துவானைப் போல, அவர்கள் வருஷாவருஷம் அதே ஆட்டத்தை எடுத்துப் பந்தின் கனத்தையும், வீரன் திரும்பும் நேரத்தையும், நடுவரின் கண்டிப்பையும் சிறிது சிறிதாகத் திருத்தி வந்தார்கள். 2005-இல் வந்த ஐந்தாம் கேமில் நடுவர் இலேசான உரசலுக்குக்கூட விசில் ஊதுகிறார் என்று சிலர் முறையிட்டார்கள்; 2006-இல் வந்த ஆறாவதில் இடதுகாலால் இடிபோல் உதைக்கும் அட்ரியானோவை அடக்கவே முடியவில்லை என்று வேறு சிலர் முறையிட்டார்கள். ஐந்தாவது உயர்ந்ததா, ஆறாவது உயர்ந்ததா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. நான் ஐந்தாவதின் பக்கம் நிற்பவன். ஒவ்வொரு பாஸையும் உழைத்துச் சம்பாதிக்கச் செய்த கேம் அது. அதில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பெறும் ஜயத்துக்கு இருந்த மதிப்பு வேறெதிலும் எனக்குக் கிட்டவில்லை.

காஸ்தோலோவும் மினாந்தாவும்

வியாபாரத் துறையில் அவர்களுக்கு எதிரே நின்றது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்க ஸ்தாபனம். 1993 முதல் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் பெயரிலேயே கேம் வெளியிட்டு வந்த அந்த ஸ்தாபனம், லீகுகளின் பெயர்களையும் அணிகளின் சின்னங்களையும் பெரும் பொருள் கொடுத்துத் தன் பாத்தியதை ஆக்கிக்கொண்டது. இதனால் டோக்கியோவினரின் கேமில் லிவர்பூல் ‘மெர்ஸிசைட் ரெட்’ ஆயிற்று. செல்ஸீ ‘லண்டன் எஃப்.ஸி.’ ஆயிற்று, பிரேஸிலின் ராபர்டோ கார்லோஸ் எழுத்து இடம் மாறி ‘ராபர்டோ லார்கோஸ்’ ஆனார், ஹாலந்து தேசத்து வீரர்கள் ஒரு காலத்தில் ‘ஆரஞ்சஸ்’ என்னும் சொல்லையும் ஓர் எண்ணையும் மட்டுமே பெயராகக் கொண்டு களம் இறங்கினார்கள்.

பெயர் இல்லாமையே அவர்களுக்குப் பலமாயிற்று என்று சிலர் எழுதுவார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் ஊர் அணியின் சட்டையைத் திரையில் காணாத சிறுவனின் ஏமாற்றம் உண்மையான ஏமாற்றமே. உரிமத்துக்காகக் கொனாமியும் வருஷக்கணக்காகப் பிரயத்தனம் செய்தது. ஆனால் அந்தக் குறையை அவர்கள் ஈடு செய்த விதத்தில்தான் அவர்களுடைய மேதை வெளிப்பட்டது.

1999-இல் அறிமுகமான ‘மாஸ்டர் லீக்’ என்னும் ஆட்டமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுகிறவர் ஓர் அணியை ஏற்று நடத்த வேண்டும். ஆனால் அவர் கையில் கொடுக்கப்படுகிற வீரர்கள் எவரும் கேள்விப்படாதவர்கள். முன்களத்தில் காஸ்தோலோவும் ஓர்தாஸும், நடுவில் மினாந்தாவும் ஹிமெலெஸும் எஸ்பிமாஸும், பின்னால் ஸ்ட்ரெமரும் வலேனியும், கோலில் இவரோவ். வேகமும் மிதம், திறமையும் மிதம். இவர்களைக் கொண்டு ஆட்டங்களை வென்று, வென்றதற்குக் கிடைக்கும் புள்ளிகளைச் சேமித்து, நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வாங்க வேண்டும். முதல் பருவத்தில் தோல்விமேல் தோல்வி வரும். மழை பெய்கிற ஓர் ஆட்டத்தில், சமன் செய்தாலே போதும் என்றிருக்கையில், தொண்ணூறாவது நிமிஷத்தில் காஸ்தோலோ எப்படியோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிடுவான். அதற்குப்பின் இரண்டு மூன்று பருவங்கள் கழிந்து பொருள் சேர்ந்து, அவனை விற்றுவிட்டு உலகப் புகழ்பெற்ற ஒருவனை வாங்கும் நிலை வரும்போது, பொத்தானை அழுத்த மனம் வராது தயங்கியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்! பிற்காலத்துக் கேம்களிலும் அந்தப் பழைய பெயர்களை மறவாமல் கொனாமி வைத்திருந்ததற்குக் காரணம் இந்தத் தயக்கந்தான்.

பெயர்களின் குறையை ரசிகர்களும் தாங்களாகவே தீர்த்துக்கொண்டார்கள். கேமுக்குள்ளேயே வீரர்களின் பெயர், முகம், சட்டை, அணிச் சின்னம் எல்லாவற்றையும் திருத்தும் வசதி இருந்தது. சின்னத்தைப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். ஓர் அணிக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இப்படி வாரக்கணக்கில் உழைத்துத் திருத்திய கோப்பு ‘ஆப்ஷன் ஃபைல்’ எனப் பெயர் பெற்று, எட்டு மெகாபைட் மெமரி கார்டில் ஏறி, சினேகிதனிடமிருந்து சினேகிதனுக்குப் போயிற்று. பிரேஸிலில் இந்த உற்சாகம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அந்நாட்டு அணிகளையும் உள்ளூர் வர்ணனையையும் சேர்த்துத் திருத்திய ‘பாம்பா பேட்ச்’ என்னும் பதிப்பு, பிளேஸ்டேஷன் 2-இன் காலம் முடிந்து நெடுநாள் ஆன பின்னும் புதுப்புது வீரர்களோடு வெளிவந்துகொண்டிருந்தது. கொனாமியின் அனுமதி இல்லாமல் நடந்த காரியம் அது. சட்டத்தின் பார்வையில் குற்றமே. ஆயினும் அந்த ஆட்டத்தின்மேல் ஜனங்கள் கொண்டிருந்த பிரியத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

யந்திரம் மாறியபோது

2005-இல் கொனாமி தன் உபகம்பெனிகளை மறுபடியும் தாய்க் கம்பெனியோடு இணைத்துக்கொண்டது. டோக்கியோக் குழு தனிக் கம்பெனி என்னும் நிலையை இழந்து பெரிய ஸ்தாபனத்தின் ஒரு பிரிவாயிற்று. அடுத்த வருஷம் பிளேஸ்டேஷன் 3 வந்தது. பழைய யந்திரத்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்திருந்த அந்தக் கைகளுக்குப் புதிய யந்திரம் வசப்படவில்லை. 2007-இன் இறுதியில் வெளிவந்த ‘புரோ எவல்யூஷன் சாக்கர் 2008’, பிளேஸ்டேஷன் 3-இல் படம் விட்டுவிட்டு ஓடித் தடுமாறியது. எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துவது என்பதையே உயிராகக் கொண்ட ஓர் ஆட்டத்தில் படம் தடுமாறினால், பாடகரின் தொண்டை அடைத்ததற்குச் சமானம். அதே சமயம், கானடாவின் வான்கூவரில் ஃபிஃபா கேமைச் செய்து வந்தவர்கள் தங்கள் ஆட்டத்தை அடியோடு மாற்றி, இரண்டு மூன்று வருஷங்களில் முந்திக்கொண்டு போனார்கள். டோக்கியோவினரின் கேமைப் பார்த்தே அவர்கள் கற்றார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கற்றதில் தவறும் இல்லை. ஆசிரியரைக் கூர்ந்து பார்க்கிற மாணவனின் இடம் இப்போது கடல் கடந்து போய்விட்டது.

கொனாமி இந்தக் காலத்தில் பெயர்களைத் தேடிப் போனது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் உரிமம் 2008-இல் வந்த கேம் முதல் அதனிடம் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் லிபர்ட்டடோரஸ் கோப்பையும் பின்னர் சேர்ந்தது. அட்டையில் மெஸ்ஸி நின்றார். 2010-களின் தொடக்கத்தில் குழுவின் தலைமையும் கை மாறியது. மெட்டல் கியர் கேம்களுக்காக ஹிதேயோ கொஜிமாவின் குழு உண்டாக்கிய ‘ஃபாக்ஸ் என்ஜின்’ என்னும் மென்பொருளைக் கொண்டு கால்பந்தை முற்றிலும் புதிதாக நிர்மாணிக்க முற்பட்டார்கள். 2013-இல் அதில் வந்த முதல் கேம் அரைகுறையாகவே இருந்தது. ஆனால் அடுத்த வருஷத்துக் கேமில், அதற்கடுத்ததில், மைதானத்தில் பந்து மறுபடியும் கனமாகக் காணப்பட்டது. பழைய ரசிகர்கள் திரும்பி வந்து, கை இன்னும் மறக்கவில்லை என்று மகிழ்ந்தார்கள். நானும் அவர்களோடு மகிழ்ந்தவனே.

2018-இல் சாம்பியன்ஸ் லீகின் உரிமம் கை நழுவி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குப் போயிற்று. மறு வருஷம் கொனாமி இத்தாலியின் யுவென்டஸ் அணியோடு பிரத்தியேக ஒப்பந்தம் செய்துகொள்ள, ஃபிஃபா கேமில் அந்த அணி ‘பியமோன்டே கால்சியோ’ என்று கற்பனைப் பெயரோடு ஆட நேர்ந்தது.

2021 செப்டம்பர் 30-ஆந் தேதி நிகழ்ந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இருபத்தைந்து வருஷத்துப் பெயர்கள் யாவற்றையும் களைந்துவிட்டு, ‘ஈஃபுட்பால்’ என்னும் புதுப் பெயரில், விலையில்லாமல் எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில், ஃபாக்ஸ் என்ஜினையும் கைவிட்டு அன்ரியல் என்ஜினில் நிர்மாணித்த கேமை கொனாமி அன்று வெளியிட்டது. வீரர்களின் முகங்கள் கோணின, கைகள் முறுக்கிக்கொண்டன, பந்து கைக்கு அடங்கவில்லை, மாஸ்டர் லீக் அதில் இல்லை. ஸ்டீம் தளத்தில் கண்டனங்கள் குவிந்தன. ஸ்தாபனம் மன்னிப்புக் கோரியது. முழுமையான பதிப்பு என்று அது சொன்னது 2022 ஏப்ரலில்தான் வந்தது. சமைத்து முடியாததை இலையில் பரிமாறியவர்கள் யார், அவர்களை அவசரப்படுத்தியவர்கள் யார் என்பது வெளியே தெரியாது. பந்தின் ஓர் உருளலைச் சரி செய்ய வருஷக்கணக்கில் காத்திருந்த பரம்பரைக்கு நேர்ந்த அந்த அவமானம், அதை நேசித்தவர்களுக்கு நெஞ்சில் தைத்தது.

அதற்குப் பிறகு கொனாமியினர் பழைய வழக்கப்படியே மாதாமாதம் திருத்தலானார்கள். ஆட்டம் மெல்லத் தேறியது. பிளேஸ்டேஷன் வாங்க வசதியில்லாத தேசங்களில் கைபேசி மூலமாக அது பரவி, இறக்கிக்கொண்ட எண்ணிக்கை 2024-இல் 75 கோடியைத் தாண்டியது. கைபேசியில் வீரர்களைச் சீட்டுக் குலுக்கல்போல் காசு கொடுத்துப் பெறும் முறை எனக்குச் சிறிதும் உவப்பில்லாதது; காஸ்தோலோவைக் கொண்டு மூன்று பருவம் பாடுபட்டவர்கள் எவருக்கும் அது உவக்காது.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கும் ஃபிஃபாவுக்கும் இடையே முப்பது வருஷம் நீடித்த உடன்பாடு 2023-இல் முறிந்து, அந்த ஸ்தாபனத்தின் கேம் ஃபிஃபா என்னும் பெயரை இழந்தது. 2024 அக்டோபரில் ஃபிஃபா, தன் மின்விளையாட்டு உலகக் கோப்பையைக் கொனாமியின் ஈஃபுட்பாலில் நடத்தப் போவதாக அறிவித்தது. அவ்வருஷ டிசம்பரில் ரியாதில் போட்டி நடந்தது. டோக்கியோவினர் எந்தப் பெயருக்காகக் கால் நூற்றாண்டு வெளியே நின்றார்களோ, அந்தப் பெயர் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. கன்ட்ரோலர் பிடித்து ஆடும் பிரிவின் இறுதி ஆட்டத்தில் பிரேஸிலும் இந்தோனேசியாவும் மோதின. இரண்டுமே, மணிக்கு இத்தனை என்று வாடகை வாங்கும் சிறு கடைகளிலும், சினேகிதர்கள் கூடும் முன்னறைகளிலும் பழைய வின்னிங் இலெவனை ஆடி வளர்ந்த தேசங்கள். கோப்பையை இந்தோனேசியா வென்றது.